மூன்றாவது மோட்டார்

அத்தியாயம் 5

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரே வழக்கை ஒப்படைக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் வாசல் படி ஏறி வந்தான். மற்றவன் கொல்லைப்புறப் படி ஏறி வந்தான். வாசலில் வந்தவனுக்குக் கொல்லையில் வந்தவன்மேல் சந்தேகம். கொல்லையில் வந்தவனுக்கு வாசலில் வந்தவன்மேல் சந்தேகம். இருவரும் உயிர்ச் சிநேகிதர்கள்.

துப்பறியும் ஜமால் முகமதுவின் ஆபீஸ் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியின் மாடியில் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் தீ விபத்துகளை ஆராய்ந்த மனிதர் அவர். கருகிய பஞ்சு மூட்டையை முகர்ந்து பார்த்து, அது தானாக எரிந்ததா, யாராவது கொளுத்தினார்களா என்று சொல்லிவிடுவார். தோல் மண்டிக்கு மேலே குடியிருந்தும் அந்த மூக்கு இன்னும் வேலை செய்தது ஊரில் பலருக்கு ஆச்சரியம்.

அவருடைய உதவியாளர் வியாகுலம்மாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினைந்து வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் யாராயிருந்தாலும் ஒரு இருமலில் அடையாளம் சொல்வாள். அன்றும் அப்படித்தான். முன் அறையில் ராமர் வந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம், பின்படியில் ஓர் இருமல் கேட்டது. அவள் ஜமாலின் காதருகே குனிந்தாள்.

"பாய், பேட்டரிக் கடை முனீர் பின்னால ஏறி வாரான். முன்னால இருக்கவனும் அவனும் கூட்டாளிக. எந்த லைனை முதல்ல குடுக்கட்டும்?"

"முனீரை அடுப்படியில் உட்கார வை. காப்பி கொடு. ரேடியோவைச் சத்தமாக வை."

ராமருக்கு முப்பது வயசு இருக்கும். ஆள் ஒல்லி. நாடகக் கம்பெனியில் விளக்கு வேலை பார்த்தவன். சூரியன் உதிப்பது, அஸ்தமிப்பது, அசுரன் வந்தால் மேடை சிவப்பது எல்லாம் அவன் கையில்தான் இருந்தன. இப்போது துண்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மலையடிவாரத்துப் பொருட்காட்சியிலே எங்க விமானத்தைப் பாத்திருப்பீங்களே பாய்?"

"கேள்விப்பட்டேன். கம்பத்தைச் சுற்றிப் பறக்குமாமே?"

"பறக்கணும். நெட்டியும் மூங்கிலும் காத்தாடிக் காகிதமும் வச்சு நாந்தான் கட்டுனேன். மூக்குல கட்டைவிரல் தண்டிக்கு ஒரு மோட்டார். கம்பத்துல இருந்து ரெண்டு கம்பி போயி அதுக்குக் கரண்டு குடுக்கும். கரண்டுக்குக் கீழ ஒரு பேட்டரி. அது முனீரோடது."

"வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும்?"

ராமரின் முகம் மலர்ந்தது. "ஊறுகாய் ஜாடி பாய்! ஜாடி நெறைய உப்புத் தண்ணி. அடியில ஒரு ஈயத் தகடு, மேலே நூல்ல தொங்குற ஒரு தகடு. மேல் தகட்டை எறக்குனா கரண்டு அதிகமாப் போகும், தூக்குனா கொறையும். நாடகத்துல நான் சூரியனை அஸ்தமிக்க வச்சதே இதை வச்சுத்தான். ரெண்டு மாசம் முனீர் வீட்டுக் கொல்லையில ஓட்டிப் பாத்தோம். பேட்டரியில மூணு செல், ஜாடியில ஒரு பிடி கல்லுப்பு. குருவி மாதிரி சுத்துச்சு."

"அப்புறம்?"

மலர்ந்த முகம் சுருங்கியது. பொருட்காட்சி வியாழக்கிழமை ஆரம்பம். முதல் நாள் நாலு மணிக்கு விமானத்தை விட்டார்கள். வெறி பிடித்தமாதிரி சுற்றி, புகை விட்டு, விழுந்தது. மோட்டார் கரி. வெள்ளிக்கிழமை புது மோட்டார் மாட்டினார்கள். அது தரையில் முனகிக்கொண்டே கிடந்தது, எழுந்திருக்கவே இல்லை. சனிக்கிழமை அதே மோட்டார் மறுபடி வெறி பிடித்துச் சுற்றி, கரியாயிற்று.

"மூணாவது மோட்டார் ஒண்ணுதான் மிச்சம் பாய். பினாங்குல இருந்து முனீரோட சொந்தக்காரர் கொண்டாந்தது மொத்தம் மூணு. இந்த ஊருல வேற கெடைக்காது. இன்னைக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்கு முனீரோட மாமா மைதீன் பிச்சை வாராரு. விமானம் பறந்தா அவரோட மூலைக் கடை ரூமை எங்க ரெண்டு பேருக்கும் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. பறக்காட்டி அது தோல் வைக்கிற குடோனுக்குப் போயிரும். எங்க கூட்டுக் கடை அம்புட்டுத்தான்."

"யார்மேல் சந்தேகம்?"

ராமர் நெடுநேரம் துண்டை முறுக்கினான். "சொல்ல நாக்கு வரமாட்டேங்குது. முனீர்தான் பேட்டரியில என்னமோ செய்யிறான். ஆனா நான் இங்க வந்தது அவனுக்குத் தெரியக் கூடாது. மனசு உடைஞ்சுருவான்."

அவனை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ரேடியோவை நிறுத்தினார்கள். முனீர் வந்து உட்கார்ந்தான். குண்டு ஆள். பேட்டரித் திராவகம் தெறித்துத் தெறித்து அவன் சட்டை சல்லடையாகியிருந்தது. அவனும் அதே கதையைச் சொன்னான். அதே இடத்தில் நெடுநேரம் யோசித்தான்.

"ராமர்தான் அண்ணே, ஜாடியில என்னமோ செய்யிறான். ஆனா அவனுக்குத் தெரியக் கூடாது. மாப்ளே மாப்ளேன்னு பழகிட்டு, மூஞ்சியில எப்படிண்ணே முழிப்பேன்?"

முனீர் படியிறங்கிப் போனதும் வியாகுலம்மாள் பெருமூச்சு விட்டாள். "ரெண்டு பேரும் ஒரே நம்பருக்குப் போன் போட்டிருக்காங்க பாய். ரெண்டு பக்கமும் எங்கேஜ்டு."

"கிளம்பு. பொருட்காட்சிக்குப் போவோம்."

"விமானம் விடுறவன் பேரு ராமர். இதுக்கும் ராவணனைத்தான் தேடணுமோ?" என்று கேட்டுக்கொண்டே அவள் குடையை எடுத்தாள்.

*

பன்னிரண்டு மணி வெயிலில் பொருட்காட்சி சோம்பிக் கிடந்தது. ராட்டினக்காரன் ராட்டினத்துத் தொட்டிலிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். விமானக் கொட்டகையில் யாரும் இல்லை. நடுவில் கம்பம். கம்பத்தடியில் சாக்கு விரித்து அதன்மேல் பேட்டரி. அருகே ஒரு மேஜை, தரைவரை தொங்கும் துணி போட்டது. மேஜைமேல் ஊறுகாய் ஜாடி. பக்கத்துக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் ராமர் எழுதி வைத்திருந்தான்: மூன்று செல், ஒரு பிடி உப்பு.

ஜமால் கம்பத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். வியாகுலம்மாள் பேட்டரியின் முன் குந்தினாள்.

"பாய், கண்டுபிடிச்சாச்சு. கார் பேட்டரிக்கு மூணு மூடி. லாரி பேட்டரிக்கு ஆறு மூடி. இதுல மூணுதான் இருக்கு. எவனோ வியாழக்கிழமை இதை எடுத்துட்டு ஆறு மூடி பேட்டரியை வச்சிருக்கான். ஒண்ணுக்கு ரெண்டா கரண்டு பாஞ்சு மோட்டார் கருகிருச்சு. குத்தவாளி லாரிக்காரன். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை லாரிக்காரனுக்கு லீவு."

ஜமால் சிரித்தபடி சாக்கைத் தொட்டுக் காட்டினார். பேட்டரிக்குப் பக்கத்தில் சாக்கு அரித்துப்போய், சதுரமாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

"திராவகம் பட்ட இடம். லாரி பேட்டரி வைத்திருந்தால் தடம் ஒரு முழம் இருக்காதா? இது சின்னச் சாமான். கிராமத்தில் ரேடியோவுக்கு வைப்பார்களே, ஒற்றைச் செல், கண்ணாடிப் பெட்டி. அதுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறது. மூன்று செல்லுக்குப் பதிலாக நாலு செல்."

"அப்ப முனீர்!" என்று அவள் எழுந்தாள்.

"உட்கார். இதையும் பார்." பேட்டரியின் மேல் செல்லுக்குச் செல் இணைத்து ஈயப் பட்டைகள் ஓடின. நடுப்பட்டையில் பளபளவென்று ஒரு கீறல், ஏதோ கவ்வி இழுத்த மாதிரி. "கம்பியின் கிளிப்பைக் கடைசி முனையில் போட்டால் மூன்று செல்லும் வேலை செய்யும். நடுவில் போட்டால் இரண்டுதான். ஒரு நாள் யாரோ நடுவில் போட்டிருக்கிறார்கள்."

"ஒரு நாள் கூட்டி, ஒரு நாள் கொறைச்சு... இவன் என்ன பாய், கெடுக்கிறவனா, வைத்தியம் பாக்கிறவனா?"

"நல்ல கேள்வி" என்றார் ஜமால். பிறகு ஜாடியைச் சாய்த்துப் பார்த்தார். அடித் தகட்டின்மேல் கல்லுப்பு கரையாமல் ஒரு விரற்கடை படிந்திருந்தது. தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். உடனே முகத்தைச் சுளித்து, கொட்டகைக்கு வெளியே போய்த் துப்பினார்.

"ராமேஸ்வரம் போயிட்டு வந்தமாதிரி இருக்கா பாய்?"

"ஒரு பிடி உப்பு இந்த ஜாடியில் எப்போதோ கரைந்திருக்க வேண்டும். இது கடைசி நிமிஷத்தில் யாரோ கூடுதலாகப் போட்டது. கலக்கக்கூட நேரமில்லை."

"அப்ப ராமர்!" என்று அவள் மறுபடி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். "ஏன் பாய், ஒரு மோட்டாருக்கு ரெண்டு கொலைகாரனா?"

ஜமால் மறுபடி கம்பத்தைச் சுற்றி நடந்தார். எந்தப் பகையாளியும் மூன்று நாளும் ஒரே மாதிரிதான் கெடுப்பான். இங்கே ஒரு நாள் மோட்டாருக்கு மிதமிஞ்சிப் போகிறது, மறுநாள் பட்டினி போடுகிறார்கள், அதற்கு மறுநாள் திரும்ப மிதமிஞ்சிப் போகிறது. இது அவருக்குப் புரியவில்லை. புரியாதபோது அவருக்குப் பசிக்கும்.

*

கொட்டகைக்கு எதிரே கண்ணம்மாளின் சாப்பாட்டுக் கடை. இலை போட்டு, சோறு வைத்து, மொச்சைக் குழம்பு ஊற்றி, கத்திரிக்காய் வெஞ்சனம் வைத்தார்கள். வியாகுலம்மாள் ஒரு வாய் வைத்தாள். கண் பிதுங்கியது.

"பாய், ஜாடித் தண்ணியிலதான் காய் வேக வச்சிருக்காங்க. வழக்கு முடிஞ்சது."

கண்ணம்மாள் ஓடி வந்து ஒரு துண்டு எடுத்துச் சுவைத்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ! நான் அளவாத்தானே போட்டேன். ஏடி பொன்னழகு, நீயும் உப்புப் போட்டியா?"

அடுப்படியிலிருந்து நாத்தனார் தலையை நீட்டினாள். "ஆமா மதினி. நீங்க மறந்துட்டீகளோன்னு போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா கோவிச்சுக்குவீக. நேத்துக் கேட்டதுக்கு, இருபது வருசமா சமைக்கிறேன் எனக்குத் தெரியாதான்னு கரண்டியைத் தூக்கி எறியலையா? அதனாலதான் நேத்து நானும் போடலை."

"நேத்து நீ போட்டுட்டேன்னு நெனைச்சுல்லடி நான் விட்டேன்! அதான் எல்லாரும் சப்புன்னு இருக்குன்னு எந்திரிச்சுப் போனாகளா?"

ஜமால் முகமது கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, மேஜையைத் தட்டிச் சிரித்தார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாய், உப்பு மண்டைக்கு ஏறிருச்சா?"

"வியாகுலம்மா, மணி என்ன?"

"ரெண்டு."

"நான் ஒன்று சொல்கிறேன், பார்த்துக்கொள். இன்றைக்கு மோட்டார் எரியாது."

"அப்பாடா! அப்பப் பறக்கும்."

"பறக்கவும் பறக்காது. நாம் போய் மேஜைக்குக் கீழே உட்காராவிட்டால்."

*

மேஜை சின்னது. ஜமால் முகமது சின்னவரல்ல. அவரை உள்ளே திணித்து, அவருக்கும் மேஜைக் காலுக்கும் நடுவில் தன்னையும் திணித்துக்கொண்டு, வியாகுலம்மாள் துணியை இழுத்து விட்டாள்.

"போன ஜென்மத்துல நாம ரெண்டு பேரும் மத்தி மீனா இருந்திருப்போம் பாய்" என்று கிசுகிசுத்தாள். "ஒரே டின்னுல அடைச்சிருக்காங்க."

"உஷ்."

செருப்புச் சத்தம் கேட்டது. துணியின் ஓட்டை வழியாகப் பார்த்தார்கள். முனீர்! கையில் ஸ்பேனர். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பேட்டரி முன் உட்கார்ந்து, கடைசி முனையிலிருந்த கிளிப்பைக் கழற்ற ஆரம்பித்தான். வியாகுலம்மாள் பாயத் தயாரானாள். ஜமால் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறு. பாதிக் குற்றவாளிதான் வந்திருக்கிறான்."

அந்த நேரத்தில் கொட்டகைக்கு வெளியே யாரோ நாடகப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வரும் சத்தம். முனீர் திடுக்கிட்டான். ஓட வழியில்லை. கண்ணில் பட்டது மேஜை. விழுந்தடித்து வந்து துணியைத் தூக்கி உள்ளே நுழைந்தான்.

உள்ளே இரண்டு முகங்கள்.

"வாங்க" என்றாள் வியாகுலம்மாள் மெதுவாக. "ஒரு எடம் காலியாத்தான் இருக்கு."

முனீர் வாயைத் திறந்தான். ஜமால் அதைக் கையால் மூடினார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தார்கள். ராமர் வந்தான். நேற்றைய ஜாடித் தண்ணீரை வெளியே கொட்டிக் கழுவினான். குடத்திலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றினான். பிறகு பொட்டலத்தைப் பிரித்து உப்பை எடுத்தான். ஒரு பிடி எடுத்தவன், பலகையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பாதியைத் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டான். மீதிப் பாதியை ஜாடியில் போட்டுக் கலக்கினான்.

ஜமாலின் கையைத் தட்டிவிட்டு, மேஜையோடு எழுந்தான் முனீர். ஜாடியை ராமர் பிடித்துக்கொண்டது ஆண்டவன் செயல்.

"அடப்பாவி! அரைப்பிடியா போடுறே? கண்ணால பாத்துட்டேன்!"

ராமர் வெலவெலத்துப்போனான். அப்புறம் முனீரின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். பேட்டரியில் பாதி கழன்ற கிளிப்பைப் பார்த்தான்.

"நீ அங்க என்ன செஞ்சே? கிளிப்பை எதுக்குக் கழட்டுனே?"

"நீ எதுக்கு உப்பைக் கொறைச்சே?"

"அதை நீ கேக்காதே!"

"நீயும் கேக்காதே!"

"ரெண்டு பேரும் கேட்கவில்லை, அதுதான் வழக்கே" என்று ஜமால் தவழ்ந்து வெளியே வந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "முனீர், வியாழக்கிழமை ரேடியோ செல் ஒன்றைக் கூடச் சேர்த்தது நீ. ராமர், அதே நாளில் அரைப்பிடி உப்பைக் கூடப் போட்டது நீ. இருவரும் ஏற்றினீர்கள், மோட்டார் எரிந்தது. வெள்ளிக்கிழமை இருவரும் தன்னால்தான் எரிந்ததோ என்று பயந்து குறைத்தீர்கள், அது படுத்துக்கொண்டது. சனிக்கிழமை மறுபடி இருவரும் ஏற்றினீர்கள். இன்றைக்கு இறக்குகிற முறை. பகையாளி யாருமே இல்லை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள்."

ராமர் மேஜையைச் சரியாக நிறுத்தி, ஜாடியை அதன்மேல் வைத்தான்.

"நான் ஏன் உப்புப் போட்டேன் தெரியுமா?" என்றான் ராமர். "புதன்கிழமை பூரா உன் பேட்டரியை மீட்டிங் மைக்குக்கு அனுப்பிட்டே. அது வத்திப்போயிருக்கும்னு நெனைச்சேன். உன்கிட்ட சொன்னா உன் தொழிலைக் கொறை சொன்னமாதிரி இருக்கும்."

"மைக்குக்குப் போனது வேற பேட்டரிடா! இதைத் தொட்டுப் பாத்ததே நான் ஒருத்தன்தான். நான் எதுக்கு செல் வச்சேன் தெரியுமா? ரெண்டு மாசம் எங்க கொல்லைக் கெணத்துத் தண்ணியிலதானே ஓட்டுனோம்? அதுவே உப்புக் கரிக்கும். இங்க நீ பெரிய மனுசங்க வாராங்கன்னு ஆத்தூர் அணைத் தண்ணியை ஊத்திட்டே. நல்ல தண்ணியில ஒரு பிடி எப்படிப் பத்தும்?"

ராமர் குடத்தைப் பார்த்தான். பேகம்பூர்க் கிணறுகளின் உப்பு ஊரறிந்தது. அதில் காப்பி போட்டால் பால் திரிந்துவிடும். விருந்தாளிக்கு யாரும் அந்தத் தண்ணீரைக் கொடுக்க மாட்டார்கள். விமானத்துக்கும் கொடுக்க மனசு வராமல்தான், குழாயடியில் வரிசையில் நின்று நல்ல தண்ணீர் பிடித்து வந்திருந்தான்.

"அதைச் சொல்லியிருக்கலாமே மாப்ளே."

"வியாழக்கிழமை காலையில மூணு மணி நேரம் குழாயடியில நின்னு தோள்ல தூக்கியாந்தே. அதைப் போயி எப்படிடா குத்தம் சொல்றது?"

"வேடிக்கை என்ன தெரியுமா?" என்றார் ஜமால். "ராமர் நினைத்த காரணம் தப்பு. ஆனால் போட்ட உப்பு சரியான அளவு. முனீர் நினைத்த காரணம் சரி. அவன் செல்லும் அந்தக் குறையைச் சரிக்கட்டியிருக்கும். இருவரில் யாராவது ஒருவர் மட்டும் திருத்தியிருந்தால் வியாழக்கிழமையே பறந்திருக்கும்."

முனீர் அதைக் கேட்டுச் சமாதானம் ஆகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டான். "எல்லாம் சரிண்ணே. ஆனா உங்களைப் பாத்து இவன் திடுக்கிடவே இல்லையே, என்னை நம்பாம உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கான். நான் வாரேன்."

"நீயும்தானே பாய்கிட்ட வந்திருக்கே! அந்த அண்ணே அண்ணேங்கிறதுல இருந்தே தெரியுதே!"

வாசல்வரை போன முனீர் நின்றான். திரும்பவில்லை. ராமரும் கூப்பிடவில்லை. மூலைக் கடை ரூம் அந்த நிமிஷத்தில் தோல் குடோனாகிக்கொண்டிருந்தது. ஜமால் வியாகுலம்மாளைப் பார்த்தார். திருடனைப் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். இந்த மாதிரி வேலை அவருக்கு வராது.

வியாகுலம்மாள் முன்னால் வந்தாள். "பதினஞ்சு வருசம் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன். சண்டை போட்டுப் போனை வச்சவங்க எல்லாம் அரை மணியில திரும்பக் கூப்பிடுவாங்க. என்ன சொல்லுவாங்க தெரியுமா? லைன் கெட்டுப்போச்சும்பாங்க. நானும் ஆமா, எக்ஸ்சேஞ்சு மேலதான் தப்புன்னு சொல்லிருவேன். இப்பவும் அப்படியே வச்சுக்கங்க. தப்பு என்மேல. மணி மூணே முக்கால்."

முனீர் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. ராமரும் சிரித்துவிட்டான். அடுத்த நிமிஷம் வேறு ஒரு சண்டை ஆரம்பமாயிற்று.

"மாப்ளே, உன் செல்லையே வையி. நான் ஒரு பிடியோட நிறுத்திக்கிறேன்."

"வேணாம் வேணாம். உன் உப்பே இருக்கட்டும். நான் மூணு செல்லோட நிக்கிறேன்."

"ஏலே, உன் காரணந்தானே சரியான காரணம்? உன் வைத்தியந்தான் பாக்கணும்."

"உன் அளவுதானே சரியான அளவு? நீதான் போடணும்."

"உப்பு!" என்று கத்தினாள் வியாகுலம்மாள். "ஒன்றரைப் பிடி உப்பு, மூணு செல்லு! கம்பியை மாட்டுங்கய்யா!"

*

நாலு மணிக்குக் கொட்டகை பிதுங்கியது. மூன்று நாள் வேடிக்கை ஊரெல்லாம் பரவியிருந்தது. பாதிப் பேர் விமானம் பறப்பதைப் பார்க்க வந்தார்கள், மீதிப் பேர் எரிவதைப் பார்க்க வந்தார்கள். முன்வரிசையில் மைதீன் பிச்சை உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, மடியில் குடை, உர்ரென்ற முகம். அவருக்குப் பக்கத்தில் அந்தத் தோல் வியாபாரி, இப்போதே ரூமை அளந்து பார்த்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

முனீர் கிளிப்பைக் கடைசி முனையில் மாட்டினான். "மூணு" என்றான் உரக்க.

ராமர் ஜாடியில் இருந்ததைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பை அள்ளிக் காட்டினான். "ஒன்றரை" என்றான் உரக்க. முனீர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தபின்தான் ஜாடியில் போட்டுக் கலக்கினான்.

மூன்றாவது மோட்டார் விமானத்தின் மூக்கில் இருந்தது. ராமர் நூலைத் தளர்த்தினான். தகடு தண்ணீரில் இறங்கியது. மோட்டார் முனகியது. விமானம் தரையில் உருண்டது. ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று. கூட்டத்தில் எவனோ "படுத்துருச்சு" என்றான்.

ராமர் இன்னும் ஒரு விரற்கடை இறக்கினான். முனகல் ரீங்காரமாயிற்று. சக்கரம் தரையை விட்டது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலை உயரம்! வெள்ளைக் காகிதச் சிறகு விரித்து விமானம் கம்பத்தைச் சுற்றியது. கூட்டம் கூச்சல் போட்டது. ராட்டினக்காரன் தூக்கம் கலைந்து ஓடி வந்தான். கண்ணம்மாளும் பொன்னழகும் ஆளுக்கொரு கரண்டியோடு ஓடி வந்தார்கள். வியாகுலம்மாள் குடையை விரித்துக்கொண்டு குதித்தாள். எதற்குக் குடை என்று யாரும் கேட்கவில்லை. ஜமால் முகமது, இருபது வருஷம் நெருப்பை மட்டுமே முகர்ந்த மனிதர், மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தார். கருகல் வாசனை இல்லை. அவருக்கு ஒரு சின்னப் பிள்ளையைப் போலக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினார்.

இருபதாவது சுற்றில் மைதீன் பிச்சை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். உர்ரென்ற முகம் போன இடம் தெரியவில்லை. குடையைச் சுழற்றினார்.

"வேகம் பத்தாது! இன்னும் வேகமா விடு! நேத்துச் சுத்துச்சாமே, அந்த வேகம் வேணும்! அந்த வேகத்துல விட்டாத்தான் ரூமு!"

"வேகம்! வேகம்!" என்று கூட்டமும் பிடித்துக்கொண்டது.

ராமரின் கை சட்டைப்பைக்குப் போனது. பையில் உப்புப் பொட்டலம் இருந்தது. முனீரின் கண் சாக்குக்குப் பின்னால் போனது. அங்கே கண்ணாடிச் செல் இருந்தது. இருவரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வியாகுலம்மாள் ஜமாலின் கையை இறுகப் பிடித்தாள்.

"மாப்ளே!" என்று கூச்சலுக்கு மேலே கத்தினான் ராமர். "மாமா கேக்கிறாரு. ஒரு சிட்டிகை போடட்டுமா?"

நூற்றுக்கணக்கான பேர் நடுவில், தன் தொழிலைப் பற்றி இன்னொருவனிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது. முனீர் மோட்டாரைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"வேணாம் மாப்ளே! தாங்காது!"

"சரி!"

இருவரும் ஒரே சமயத்தில் முன்வரிசையைப் பார்த்தார்கள். "இம்புட்டுத்தான் மாமா" என்றான் முனீர். "இதுக்கு மேல போகாதுங்க" என்றான் ராமர். "ரூமு இல்லேன்னாலும் போகாது" என்று இருவருமே சொன்னார்கள்.

குடை சுழல்வது நின்றது. மைதீன் பிச்சை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விமானம் அவர் முன்னால் மூன்று தடவை போய் வந்தது. தோல் வியாபாரி மெதுவாகக் கனைத்தார்.

"நாப்பது வருசமா யாவாரம் பண்றேன்" என்றார் மைதீன் பிச்சை. "கேட்டதுக்கெல்லாம் ஆகட்டும்பான் ஒரு பங்காளி, இன்னொருத்தன் உள்ளே வேற கணக்குப் போடுவான். ரெண்டு பேரும் சேந்து, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லி நான் பாத்ததில்லே." தோல் வியாபாரியின் பக்கம் திரும்பினார். "நீங்க வேற எடம் பாத்துக்கங்க. ரூமு இந்தப் பயலுகளுக்குத்தான்."

ராமர் நூலை மெதுவாக இழுத்தான். தகடு மேலே வந்தது. ரீங்காரம் தணிந்து, விமானம் இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டு, உருண்டு நின்றது. கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்வதற்குள் முனீர் ஓடினான். குண்டு உடம்பைத் தரையில் கிடத்தி, மோட்டார்மேல் கை வைத்தான். பக்கத்தில் வந்து விழுந்த ராமரின் கையையும் இழுத்து அதன்மேலேயே வைத்தான்.

வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.